பதின்மூன்று மில்லிமீட்டர்

டிவி இளைத்துவிட்டது. இரண்டு பேர் பிடித்துத் தூக்கிய பெட்டி இப்போது சுவரில் தொங்குகிறது. செல்போன் சட்டைப்பைக்குள் போய்விட்டது. மின்னணுப் பொருள் எதுவானாலும் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும் என்பது நமக்குப் பழகிப்போன விதி. அப்படியிருக்க, சென்னை ரிச்சி தெருவில் வாங்கும் கிராபிக்ஸ் கார்டு மட்டும் ஏன் ஒரு அடி நீளத்துக்கு வளர்ந்து நிற்கிறது? செங்கல்லைவிட நீளமான இந்தப் பண்டத்துக்குள் அப்படி என்னதான் இருக்கிறது?

வாங்கியவருக்கு இந்தக் கேள்வி வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைக்கும். தெருவுக்கு அருகிலுள்ள அரசினர் தோட்டம் நிலையத்தில் மெட்ரோ ஏறினால் நான்காவது நிறுத்தம் வண்ணாரப்பேட்டை. ஒரு கல்லூரி மாணவர் அங்கே பெட்டியோடு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அவரே பாகம் பாகமாக வாங்கிப் பூட்டிய கம்ப்யூட்டர் இருக்கிறது. “தம்பி, கேபினட்டுல நீளம் அளந்து பாத்துட்டியா?” என்று கடைக்காரர் கேட்டபோது தலையை ஆட்டியிருக்கிறார். அளக்கவில்லை.

முதலில் ஸ்கேல்

அவர் வாங்கியது செகண்ட் ஹேண்டில் வந்த ஆர்.டி.எக்ஸ். 3080. என்விடியா 2020-இல் வெளியிட்ட சில்லை வைத்து எம்.எஸ்.ஐ. நிறுவனம் செய்த ‘கேமிங் எக்ஸ் ட்ரையோ’ என்ற கார்டு. நீளம் 323 மில்லிமீட்டர், அகலம் 140, தடிமன் 56. எடை ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல்.

கேபினட்டில் பின்பக்கத் தகட்டிலிருந்து முன்பக்க இரும்புச் சட்டம் வரை 335 மில்லிமீட்டர் இருக்கிறது என்று கொள்வோம். போதும் போலத் தோன்றும். ஆனால் முன்பக்கச் சட்டத்தின் உட்புறம் காற்றை இழுக்கும் ஃபேன்கள் திருகப்பட்டிருக்கின்றன. அவற்றின் தடிமன் 25 மில்லிமீட்டர். மிஞ்சுவது 310. கார்டு 323. குறைவது 13 மில்லிமீட்டர், சுண்டுவிரல் அகலம்.

தடிமனிலும் ஒரு சங்கதி உண்டு. மதர்போர்டில் கார்டு செருகும் வாய்கள் 20.32 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். இன்டெல் 1995-இல் வெளியிட்ட ஏ.டி.எக்ஸ். தர அளவும் இந்த இடைவெளியைத்தான் பின்பற்றியது. 56 மில்லிமீட்டர் தடிமன் என்றால் ஒரு வாயில் செருகிய கார்டு மூன்று வாய்களின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. பக்கத்தில் வைஃபை கார்டு ஏதாவது இருந்தால் அதற்கு இடமில்லை.

நம் மாணவரின் கை உடனே ஸ்க்ரூ டிரைவரைத் தேடும். முன்பக்க ஃபேனைக் கழற்றினால் 25 மில்லிமீட்டர் கிடைக்கும், கார்டு உள்ளே போய்விடும், வேலை முடிந்தது. அவர் கையைச் சற்று நேரம் பிடித்து வைப்போம்.

உள்ளே இருப்பது ஒரு தபால் தலை

கார்டைப் பிரித்தால் ஏமாற்றமாக இருக்கும். வேலை முழுவதையும் செய்யும் சிலிக்கான் துண்டு, அதாவது சில்லு, 628 சதுர மில்லிமீட்டர்தான். பக்கத்துக்கு 25 மில்லிமீட்டர் உள்ள ஒரு சதுரம். அந்தப் பரப்பில் 2,830 கோடி டிரான்சிஸ்டர்கள். சில்லை இதைவிடப் பெரிதாகச் செய்வதும் எளிதல்ல. ஒளியால் சுற்றுகளை அச்சிடும் இயந்திரம் ஒரே வீச்சில் 26-க்கு 33 மில்லிமீட்டர் பரப்பை மட்டுமே பதிக்கும். அந்த எல்லைக்கு இது ஏற்கெனவே பக்கத்தில் வந்துவிட்டது.

இத்தனை கோடி டிரான்சிஸ்டர் எதற்கு? திரையில் உள்ள புள்ளிகளை எண்ணிப் பாருங்கள். சாதாரண ஃபுல் எச்.டி. திரையில் 1920-க்கு 1080, ஏறத்தாழ 20.7 லட்சம் புள்ளிகள். விளையாட்டு ஒன்று வினாடிக்கு 60 படம் காட்டினால் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு ஒவ்வொரு வினாடியும் நிறம் கணக்கிட வேண்டும். ஒரு புள்ளியின் கணக்குக்கும் அடுத்ததன் கணக்குக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. அதனால் ஒரே ஒரு மகா கெட்டிக்காரக் கணக்கரை உட்கார வைக்காமல், சுமாரான கணக்கர்கள் 8,704 பேரை ஒரே நேரத்தில் வேலை வாங்குகிறார்கள். 3080-இல் உள்ள கணக்கிடும் அலகுகளின் எண்ணிக்கை அது.

எத்தனை கோடிப் புள்ளிக்கு நிறம் தீட்டினாலும், உள்ளே போன மின்சாரம் கடைசியில் வெப்பமாகத்தான் மாறும். இந்தக் கார்டு முழு வேகத்தில் உண்பது 340 வாட். அதில் நினைவகச் சில்லுகளுக்கும் மின்சாரத்தைச் சீராக்கும் பகுதிக்கும் ஒரு பங்கு போனாலும், நடுச் சில்லுக்குக் குறைந்தது 200 வாட் போகிறது. 6.28 சதுர சென்டிமீட்டரில் 200 வாட் என்றால், சதுர சென்டிமீட்டருக்கு 32 வாட்.

இது எவ்வளவு என்று உணர இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொள்ளலாம். 1,000 வாட் பெட்டியின் அடித்தகடு சுமார் 200 சதுர சென்டிமீட்டர். அங்கே சதுர சென்டிமீட்டருக்கு 5 வாட்தான். பரப்புக்குப் பரப்பு பார்த்தால் சில்லு ஆறு மடங்குக்கு மேல் வெப்பம் கக்குகிறது. இஸ்திரிப் பெட்டி சுட வேண்டியது, சுடட்டும் என்று விட்டுவிடலாம். சில்லு 93 டிகிரியைத் தாண்டக் கூடாது.

சுருங்கியும் சூடு குறையாத மர்மம்

1999-இல் என்விடியா வெளியிட்ட ஜிஃபோர்ஸ் 256 உள்ளங்கையோடு ஒப்பிடத்தக்க கார்டு. சின்னதாக ஒரு ஃபேன். கம்ப்யூட்டருக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து தனிக் கம்பி கூட இழுக்காமல், செருகிய வாயிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். அதில் இருந்தது சுமார் 2 கோடி டிரான்சிஸ்டர். 3080-க்கு வந்தபோது எண்ணிக்கை ஆயிரம் மடங்குக்கு மேல் கூடிவிட்டது. நல்லவேளையாக வெப்பம் ஆயிரம் மடங்கு கூடவில்லை. ஆனாலும் கூடியது. ஏன் என்பதற்கு ஒரு பழைய வாக்குறுதியைப் பார்க்க வேண்டும்.

ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் உடன் பணியாற்றியவர்களும் 1974-இல் ஒரு நல்ல செய்தி சொன்னார்கள். டிரான்சிஸ்டரின் நீள அகலங்களைக் குறைக்கும்போது அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம். அப்போது ஒரு டிரான்சிஸ்டர் உண்ணும் மின்திறனும் அதன் பரப்பும் சேர்ந்து குறையும். எனவே அதே இடத்தில் எத்தனை டிரான்சிஸ்டரை நெருக்கி வைத்தாலும் சதுர சென்டிமீட்டருக்கான சூடு ஏறாது. முப்பது ஆண்டுகள் இது பலித்தது. கம்ப்யூட்டர்கள் மாயம்போல வேகமெடுத்த காலம் அது.

2005-ஐ ஒட்டி வாக்குறுதி தளர்ந்தது. 5 வோல்ட்டிலிருந்து இறங்கி இறங்கி 1 வோல்ட் பக்கம் வந்த மின்னழுத்தம், அதற்குக் கீழே தாராளமாக இறங்க மறுத்தது. டிரான்சிஸ்டர் என்பது ஒரு சுவிட்ச். மிகக் குறைந்த மின்னழுத்தத்திலும் அது திறக்க வேண்டுமானால், மூடியிருக்கும்போது சரியாக மூடாது. மின்சாரம் சொட்டிக்கொண்டே இருக்கும். இதைக் கசிவு என்பார்கள். ஒரு சுவிட்ச் கசிவதைப் பொறுத்துக்கொள்ளலாம், 2,830 கோடி சேர்ந்து கசிந்தால்? எனவே மின்னழுத்தம் நின்றுவிட்டது, டிரான்சிஸ்டர் மட்டும் சுருங்கிக்கொண்டே போனது. பரப்பு குறைந்த வேகத்தில் மின்திறன் குறையவில்லை. அதே இடத்தில் சூடு சேர ஆரம்பித்தது.

ஆக, கார்டு ஒரு அடி நீண்டது சில்லின் அளவால் அல்ல. அதன் சூட்டை இறக்கிவைக்கத் தேவைப்படும் உலோகமும் காற்றுவழியும்தான் வளர்ந்திருக்கின்றன. கார்டின் பெரும்பகுதி குளிர்விக்கும் ஏற்பாடு.

ஒரு அடி நீளம் எங்கிருந்து வந்தது

அந்த ஏற்பாட்டின் முதல் கட்டம் செம்பு. சில்லின் தலையில் செம்புத் தகடு, அதிலிருந்து கிளம்பும் சில செம்புக் குழாய்கள். இவை வெப்பக் குழாய்கள். உள்ளே காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டுச் சில சொட்டு நீரை அடைத்திருப்பார்கள். அழுத்தம் குறைவாக இருப்பதால் அந்த நீர் 100 டிகிரிக்குக் காத்திருக்காமல் மிகக் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். ஆவி, குழாயின் குளிர்ந்த முனைக்கு ஓடி அங்கே மீண்டும் நீராகி வெப்பத்தை விடும். குழாயின் உட்சுவரில் உள்ள நுண்துளைப் பூச்சு, விளக்குத் திரி எண்ணெயை ஏற்றுவதுபோல, நீரைச் சூடான முனைக்குத் திருப்பி இழுக்கும். கம்பியாக வார்த்த செம்பைவிடப் பல மடங்கு விரைவாக இப்படி வெப்பம் பயணிக்கிறது.

குளிர்ந்த முனையில் அலுமினிய இதழ்கள், புத்தகத் தாள்களைப் போல வரிசையாக. காற்றுக்கு வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் திறமை குறைவு, அதனால் பரப்பைப் பெருக்குவதைத் தவிர வழியில்லை. ஒரு லிட்டர் நீர் ஒரு டிகிரி சூடேற 4,186 ஜூல் வாங்கும். ஒரு லிட்டர் காற்று வாங்குவது ஒன்றேகால் ஜூலுக்கும் குறைவு.

காற்றை இதழ்களுக்கிடையே தள்ள ஃபேன் வேண்டும். சின்ன ஃபேன் வேகமாகச் சுழன்றால் வீட்டில் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். பெரிய ஃபேன் மெதுவாகச் சுழன்றாலே அதே காற்றைக் கொடுக்கும். ஆனால் ஃபேனின் விட்டம் கார்டின் அகலத்தைத் தாண்ட முடியாது, அகலத்தைக் கேபினட்டின் பக்கவாட்டுக் கதவு கட்டுப்படுத்துகிறது. எனவே ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக மூன்று. சுமார் 9 முதல் 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள மூன்று ஃபேன்களை வரிசையாக வைத்து, ஓரத்துக்குக் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு அடி ஆகிவிட்டது. மின்சுற்று பதித்த பலகைக்கு இத்தனை நீளம் தேவையில்லை. பல கார்டுகளில் அது முக்கால் தூரத்திலேயே முடிந்துவிடும். மிச்சம் இதழ்களும் ஃபேனும் மட்டுமே.

ஃபேனைக் கழற்றினால்

இப்போது மாணவரின் யோசனைக்கு வருவோம்.

கார்டு 340 வாட். பிராசசரும் மற்றதும் 110 என்று வைத்தால் மொத்தம் 450 வாட். ஒவ்வொரு வினாடியும் 450 ஜூல் வெப்பம் கேபினட்டிலிருந்து வெளியேற வேண்டும். மே மாத மத்தியானம், அறைக்குள் 35 டிகிரி. இந்தச் சூட்டில் ஒரு லிட்டர் காற்று ஒரு டிகிரிக்கு 1.15 ஜூல் வாங்கும். உள்ளே போகும் காற்று 10 டிகிரி மட்டும் சூடேறி வெளியே வரவேண்டும் என்றால் லிட்டருக்கு 11.5 ஜூல். 450-ஐ 11.5-ஆல் வகுத்தால் வினாடிக்கு 39 லிட்டர் காற்று தேவை. முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று இருந்தால் இது சாத்தியம். காற்று 35-இல் நுழைந்து 45-இல் வெளியேறும்.

முன் ஃபேன்களை எடுத்துவிட்டால் பின்னால் உள்ள ஒன்று மட்டும் உழைக்கும். தடுப்பு, வலை, கம்பிக் குப்பை எல்லாம் தாண்டி அது வினாடிக்கு 15 லிட்டர் இழுக்கிறது என்று கொள்வோம். 450 ஜூலை 15 லிட்டர் சுமக்க வேண்டும், லிட்டருக்கு 30. காற்று 26 டிகிரி சூடேறும். வெளியே போகும்போது 61.

இத்தோடு விட்டால் பரவாயில்லை. கார்டின் மூன்று ஃபேன்களும் பெட்டிக்குள் வரும் புதுக்காற்றைவிடப் பல மடங்கு காற்றைச் சுழற்றுகின்றன. வெளியிலிருந்து வருவது 15 லிட்டர்தான் என்றால், மீதிக்கு அவை எங்கே போகும்? தாங்கள் ஊதிய காற்றையே திரும்ப இழுக்கும். பெட்டிக்குள் எல்லாம் கலந்து, கார்டு சுவாசிப்பதே 61 டிகிரிக் காற்று என்றாகிவிடும். சுவாசிக்கும் காற்றைவிடச் சில்லு 40 டிகிரி அதிகச் சூட்டில் இருக்கும் என்று எடுத்துக்கொண்டால் 101. வரம்பு 93. அங்கே போவதற்கு முன்பே கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பெரிய கார்டு வாங்கிச் சின்னக் கார்டின் வேலையைப் பெறலாம். முன் ஃபேன்கள் இருந்தால்? கார்டுக்குக் கிடைப்பது 40-ஐ ஒட்டிய காற்று, சில்லு 80. கவலையில்லை.

ஸ்கேலில் 13 மில்லிமீட்டர் குறைகிறது என்று பார்த்தோம். ஃபேனை எடுத்து அதைச் சரிக்கட்டினால் குறைவு வினாடிக்கு 24 லிட்டர் காற்றாகிறது.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கார்டுகளைச் சோதித்துப் பார்ப்பவர்களின் அறை 20 டிகிரியை ஒட்டி இருக்கும். அவர்கள் சொல்லும் சில்லுச் சூட்டோடு நம் அறைக்காக ஒரு 15 டிகிரியைக் கூட்டிக்கொள்வதுதான் விவேகம். அந்த 450 வாட் அறையையும் விடாது. பத்தடிக்குப் பத்தடி அறையில் கதவைச் சாத்தி, சுவர்கள் ஒன்றும் வாங்கிக்கொள்ளவில்லை என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலான நேரத்திலேயே ஒரு டிகிரி ஏறும். சுவர்கள் வாங்கிக்கொள்வதால்தான் பிழைக்கிறோம். நாலு பேர் கூடுதலாக அறையில் உட்கார்ந்திருப்பதற்குச் சமமான வெப்பம் இது.

கடற்காற்றின் நல்லதும் கெட்டதும்

வண்ணாரப்பேட்டைக்குக் கடல் பக்கம். நடுப்பகலில் கடற்காற்று வந்ததும் வெயில் கொஞ்சம் அடங்கும், புழுக்கம் ஏறும். புழுக்கம் நம்மை வதைப்பது வியர்வை உலராததால். சில்லுக்கு வியர்க்காது. ஈரமோ வறட்சியோ, அதற்குக் காற்றின் டிகிரி ஒன்றே கணக்கு. நாம் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மாலையில் அது சௌகரியமாக இருக்கும்.

கெட்டது உப்பும் தூசியும். துறைமுகத்திலிருந்து பறந்துவந்த கரித்தூசி ராயபுரம் பக்கத்து மொட்டைமாடிகளில் படிந்ததை அந்தப் பகுதிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதுவும் கையாளுவதை நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றம் 2011-இல் உத்தரவிட்டது. அதன் பிறகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி இருக்கவே இருக்கிறது. அலுமினிய இதழ்களுக்கு நடுவே இது அடைத்தால் காற்றுவழி குறுகும். உப்புத்தூள் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், அரிப்பு தொடங்கும். முன்பக்க வலையை மாதம் ஒருமுறை கழுவிக் காயவைப்பது இந்தப் பக்கத்தில் விருப்பம்போலச் செய்யும் வேலை அல்ல.

சரி, எப்படித்தான் நுழைப்பது

எளிய வழி ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை. பல கேபினட்டுகளில் இரும்புச் சட்டத்துக்கும் வெளிப்புற பிளாஸ்டிக் முகப்புக்கும் நடுவே இரண்டு மூன்று சென்டிமீட்டர் காலியாக இருக்கும். ஃபேனைச் சட்டத்தின் உட்புறத்திலிருந்து கழற்றி வெளிப்புறத்தில் திருகினால் 25 மில்லிமீட்டர் மொத்தமும் திரும்பக் கிடைக்கும். காற்றும் குறையாது. 323 மில்லிமீட்டர் கார்டு 335-இல் போய் உட்காரும்.

அந்த இடம் இல்லாவிட்டால் பழைய ஹார்டு டிஸ்க் கூண்டு வழிமறிக்கிறதா என்று பார்க்கலாம். அது பாப் ரிவெட்டில் நின்றால், வடசென்னையில் டிரில் வைத்திருக்கும் எந்தப் பட்டறையிலும் நொடியில் எடுத்துவிடுவார்கள். மதர்போர்டு முதல் கடைசித் திருகு வரை வெளியே எடுத்துவிட்டு வெறும் கூடாக மட்டுமே கொண்டுபோக வேண்டும். ஒரே ஒரு இரும்புத்தூள் சுற்றுப் பலகையில் விழுந்தாலும் ஷார்ட் ஆகலாம். வெட்டிய விளிம்பில் துத்தநாகப் பூச்சு போயிருக்கும். பிரைமர் அடிக்காமல் விட்டால் நம் கடற்காற்று சீக்கிரமே துருவை ஏற்றிவிடும்.

ரைசர் கேபிள் என்ற நீட்டிப்புக் கம்பி போட்டுக் கார்டைக் கண்ணாடிக் கதவைப் பார்த்து நிமிர்த்தி நிறுத்துவது இன்னொரு வழி. பார்க்க அழகு. ஃபேன்களின் முகம் கண்ணாடியை ஒட்டி நின்றால் மூச்சு முட்டும். எனக்கு அதில் நம்பிக்கையில்லை.

இடம் கிடைத்த பின் எடை. ஒன்றரைக் கிலோவை, ஒரு முனையில் இரண்டு திருகும் நடுவே ஒரு பிளாஸ்டிக் வாயும் மட்டும் தாங்குகின்றன, மறுமுனை அந்தரத்தில். நாளடைவில் அந்த முனை தொய்யும். பலகை வளைந்தால் சில்லின் அடியில் உள்ள நுண்ணிய ஈயப்பற்றுகளில் விரிசல் வரலாம். 1981-இல் வந்த ஐ.பி.எம். பி.சி.யிலும் நீளமான கார்டுகள் இருந்தன, 33 சென்டிமீட்டர் வரை. ஆனால் கேபினட்டின் முன்பக்கத்தில் அவற்றின் மறுமுனையைப் பிடிக்கப் பள்ளம் வைத்த தாங்கிகள் கொடுத்திருந்தார்கள். பின்னால் வந்த வீட்டுக் கேபினட்டுகளில் அவை காணாமல் போயின. இன்று நாமே ஒரு முட்டுக் கொடுக்கிறோம். கடையில் விற்கும் தாங்கியானாலும் சரி, அளவாக வெட்டிய பி.வி.சி. பைப் துண்டானாலும் சரி. வீடு மாற்றும்போது கார்டைக் கழற்றித் தனியாக மடியில் வைத்துக்கொண்டு போவது உத்தமம். ஷேர் ஆட்டோ குலுக்கலை எந்த முட்டும் தாங்காது.

கடைசியாக மின்கம்பி. செருகிய வாய் 75 வாட்தான் கொடுக்கும். மிச்சத்தை எட்டு முனைக் கம்பிகள், ஒவ்வொன்றும் 150 வாட் வரை, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து கொண்டுவரும். இந்தக் கார்டுக்கு மூன்று. அவை கார்டின் பக்கவாட்டிலிருந்து நீட்டி நிற்பதால் 140 மில்லிமீட்டர் அகலத்தோடு கம்பி வளைவதற்கான இடத்தையும் சேர்த்தே கதவு வரை அளக்க வேண்டும். 2022 அக்டோபரில் வந்த ஆர்.டி.எக்ஸ். 4090 கார்டுகளில் இது இன்னும் முக்கியமானது. 600 வாட் வரை தாங்கும் புதிய ஒற்றை இணைப்பு சில வீடுகளில் உருகியது. முழுதாக அழுத்திச் செருகாதது ஒரு காரணமாகக் கண்டறியப்பட்டது. இணைப்பிலிருந்து 35 மில்லிமீட்டர் வரை கம்பியை வளைக்க வேண்டாம் என்று கேபிள் தயாரிப்பாளர்கள் சொன்னார்கள். கதவு கம்பியை அமுக்கும் கேபினட்டில் அந்தக் கார்டைப் போடவே கூடாது.

2025 ஜனவரியில் வந்த ஆர்.டி.எக்ஸ். 5090-இன் என்விடியா தயாரிப்பு, தடிமனை 40 மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டது. நீளம் 304. பலகையை நடுவில் சின்னதாக ஒதுக்கி, இரண்டு ஃபேன்களின் காற்றும் இதழ்களை ஊடுருவி மறுபக்கம் போகும்படி வடிவமைத்திருக்கிறார்கள். நம் மாணவரின் கேபினட்டில் எதையும் கழற்றாமலே, 310-க்குள் இது போய்விடும். ஆனால் அது உண்பது 575 வாட். பிராசசர் வகையறாவின் 110-ஐச் சேர்த்தால் 685. அதே 10 டிகிரிக் கணக்கில் வினாடிக்கு 60 லிட்டர் காற்று வேண்டும், அவருடைய மூன்று ஃபேன்கள் கொடுப்பதோ 39.